அணி மாறினால் துரோகியா?

மார்ச் மாதம் பிறந்தால் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துக்குத் திருவிழாக் காலம். 68 பல்கலைக்கழக அணிகள் மோதும். ஓர் ஆட்டத்தில் தோற்றாலும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மூன்று வாரத்தில் ஒரே ஓர் அணி மிஞ்சும். அங்கே இரவு ஒன்பது மணிக்கு நடக்கும் ஆட்டம் நமக்குக் காலை ஒன்பது மணி. விரிவுரை மண்டபத்தின் கடைசி வரிசையில் கைப்பேசியைக் குறிப்பேட்டுக்குள் மறைத்துக்கொண்டு பார்க்கும் கூட்டம் நம் பல்கலைக்கழகங்களிலும் உண்டு.

ஆனால், கடந்த சில ஆண்டுகளாக ஆட்டத்தைவிடச் சூடாகப் பேசப்படுவது இன்னொரு விஷயம். பருவம் முடிந்ததும் யார் எந்தப் பல்கலைக்கழகத்தை விட்டு எங்கே போகிறார் என்பதுதான் அது. ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ என்று ஒரு கணினிப் பதிவேடு இருக்கிறது. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் ஆட்டக்காரரின் பெயர் அதில் ஏறிவிட்டால், மற்றப் பயிற்றுநர்கள் அவரோடு பேசலாம். 2025இல் இந்தப் பதிவேடு திறந்தபோது போட்டியே முடியவில்லை. 16 அணிகள் இன்னும் களத்தில் இருந்தன. ஆண்கள் பிரிவில் மட்டும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுக்கிறார்கள்.

பெயர் ஏறிய மறுநிமிடமே சமூக ஊடகத்தில் வசை தொடங்கிவிடுகிறது. ‘துரோகி’, ‘காசுக்கு விலைபோனவன்’, ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன்’ என்ற பொருளில் எத்தனை சொல் உண்டோ அத்தனையும் வந்து விழும். நேற்றுவரை அந்தப் பெயர் பொறித்த சட்டையை அணிந்தவர்களே இன்று அதை எரித்துப் படம் போடுகிறார்கள். வசை வாங்குபவருக்கு வயது பத்தொன்பது, இருபது. ஏறக்குறைய நம் வயதுதான்.

இரசிகரின் வருத்தம் உண்மையானது. ஆனால், அவருடைய கோபம் தவறான வீட்டுக் கதவைத் தட்டுகிறது என்பதே என் கருத்து.

முன்பு இருந்த பூட்டு

இன்றைய நிலையைப் புரிந்துகொள்ள நேற்றைய விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிப்பது என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். அதன் முதல் பிரிவில் சுமார் 360 பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பல பத்தாண்டுகளாக அங்கே ஒரு விதி இருந்தது. கூடைப்பந்தாட்டக்காரர் ஒருவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால், ஓராண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பயிற்சிக்குப் போகலாம், பாடம் படிக்கலாம், களத்தில் இறங்க முடியாது. அதோடு, புதிய பல்கலைக்கழகத்தோடு பேசுவதற்கே பழைய பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நீச்சல் வீரருக்கும் டென்னிஸ் ஆட்டக்காரருக்கும் இந்தத் தடை கிடையாது. ஒருமுறை மாறினால் உடனே ஆடலாம். அமெரிக்கக் காற்பந்து, ஆண் பெண் இரு பிரிவுக் கூடைப்பந்து, பேஸ்பால், ஆண்கள் ஐஸ் ஹாக்கி என்ற ஐந்துக்குத்தான் பூட்டு. படிப்பு பாதிக்கக் கூடாது என்பதற்காக வந்த விதி என்று சொன்னார்கள். நீச்சல் வீரரின் படிப்பு மட்டும் எப்படிப் பாதிக்காமல் இருந்தது என்று யாரும் விளக்கவில்லை.

கேமரன் ஜான்சன் கதையைப் பாருங்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் அவர். அவரைச் சேர்த்த பயிற்றுநர் ஜேமி டிக்சன் 2016இல் டி.சி.யு. பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஜான்சன் மூன்றே ஆண்டில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, 2017இல் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பினார். பட்டம் பெற்றவர் உடனே ஆடலாம் என்று பொது விதி இருந்தும், அங்கே போனால் ஓராண்டு உட்கார வேண்டும் என்று பழைய பல்கலைக்கழகம் நிபந்தனை போட்டது. அவர் பகிரங்கமாக அறிக்கை விட்ட பிறகுதான் நிபந்தனை தளர்ந்தது. ஈராண்டு அங்கே ஆடியவர், 2019இல் என்.பி.ஏ. தேர்வில் 11ஆவது ஆளாக எடுக்கப்பட்டார்.

படிப்பை முன்கூட்டியே முடித்த மாணவரையே இப்படிக் கட்டிப்போட முடிந்தது என்றால், அந்தப் பூட்டு யாருக்காகப் போடப்பட்டது என்று கேட்கத்தானே வேண்டும்?

2018 அக்டோபரில் போர்ட்டல் வந்தது. அனுமதி கேட்கும் வழக்கம் ஒழிந்தது. 2021இல் எல்லா விளையாட்டிலும் ஒருமுறை தடையின்றி மாறலாம் என்றார்கள். இரண்டாம் முறை மாறுவோருக்கான தடையும் நீதிமன்றத்துக்குப் போய், 2024இல் முற்றாக நீங்கியது. இப்போது படிப்பில் தேவையான தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம்.

மாமியார் உடைத்தால் மண்குடம்

அந்த நீதிமன்ற வழக்கில் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் ரேகுவான் பேட்டில். முதலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆடினார். பிறகு மோன்டானா மாநிலப் பல்கலைக்கழகம். 2023இல் அங்கிருந்த பயிற்றுநர் டேனி ஸ்பிரிங்கல் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். பேட்டில் மேற்கு வர்ஜீனியாவுக்கு மாறினார். அவரை அங்கே அழைத்த பயிற்றுநரோ பருவம் தொடங்கும் முன்பே பதவி விலகிவிட்டார். இரண்டாம் முறை மாறியவர் என்பதால் பேட்டிலுக்கு ஆட அனுமதி கிடைக்கவில்லை. ஏழு மாநிலங்கள் சேர்ந்து வழக்குப் போட்டு, 2023 டிசம்பரில் நீதிபதி இடைக்காலத் தடை விதித்த பிறகே அவர் களம் இறங்கினார்.

அவருடைய பழைய பயிற்றுநர் என்ன ஆனார் தெரியுமா? யூட்டாவில் ஒரே ஒரு பருவம் இருந்துவிட்டு, 2024இல் வாஷிங்டனுக்குப் போனார். பேட்டில் முதன்முதலில் விட்டு வந்த அதே பல்கலைக்கழகம்! ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை மாறிய பயிற்றுநரை எந்த விதியும் ஒரு நாள்கூட உட்கார வைக்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான்.

இது தனியொருவர் கதையாக இருந்தால் விட்டுவிடலாம். 2023 மார்ச்சில் ஃபேர்லி டிக்கின்சன் என்ற சிறிய பல்கலைக்கழகம், முதல்நிலை அணியான பர்டூவை 63-58 என்று தோற்கடித்து உலகத்தையே வியக்க வைத்தது. சில நாட்களுக்குள் அதன் பயிற்றுநர் டோபின் ஆண்டர்சன் அயோனா பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அயோனாவில் இடம் ஏன் காலியாக இருந்தது? அங்கிருந்த ரிக் பிட்டினோ செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தார். பெண்கள் கூடைப்பந்தில் கிம் மல்கி 21 பருவங்கள் பேய்லர் பல்கலைக்கழகத்தில் இருந்து மூன்று பட்டங்கள் வென்றபின், 2021இல் எல்.எஸ்.யு.வுக்கு மாறினார். மறு ஆண்டு ஏஞ்சல் ரீஸ் மேரிலாந்தை விட்டு அதே எல்.எஸ்.யு.வுக்கு வந்தார். இருவரும் சேர்ந்து 2023இல் அயோவாவை 102-85 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கினார்கள். இருவருமே இடம் மாறியவர்கள்தாம்.

பயிற்றுநரையும் இரசிகர்கள் திட்டத்தானே செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஜான் கலிபாரி 15 பருவங்கள் கென்டக்கியில் இருந்துவிட்டு 2024இல் ஆர்கன்சாஸுக்குப் போனார். மறு ஆண்டு பிப்ரவரியில் எதிரணிப் பயிற்றுநராகப் பழைய அரங்கத்துக்குள் நுழைந்தபோது கூச்சல் காதைப் பிளந்தது. ஆனால், அவர் அறுபதைத் தாண்டியவர். பல மில்லியன் டாலர் ஒப்பந்தம் கையில் இருக்கிறது. பேசுவதற்கு முகவர் இருக்கிறார். விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து கைப்பேசியில் வசைகளைப் படிக்கும் மாணவருக்கு அப்படி எந்தக் கேடயமும் இல்லை.

அந்த வசையும் எல்லாருக்கும் சமமாக விழுவதில்லை. என்.சி.ஏ.ஏ. 2024இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மார்ச் மாதப் போட்டியில் பெண் ஆட்டக்காரர்களுக்கு வந்த இணைய வசை ஆண்களுக்கு வந்ததைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று சொன்னது. அணி மாறினாலும் மாறாவிட்டாலும் அவர்களுக்குத் திட்டு நிச்சயம்.

காசு யார் கையில் இருந்தது?

‘இப்போதெல்லாம் எல்லாமே பணம்’ என்று சலித்துக்கொள்வோர் பலர். எப்போது பணம் இல்லாமல் இருந்தது? மார்ச் மாதப் போட்டியின் ஒளிபரப்பு உரிமைக்காக 2010இல் இரண்டு நிறுவனங்கள் 14 ஆண்டுக்கு 10.8 பில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டன. 2016இல் மேலும் எட்டு ஆண்டுக்கு, அதாவது 2032 வரை, 8.8 பில்லியன் டாலருக்கு நீட்டித்தன. பயிற்றுநருக்குச் சம்பளம் மில்லியனில். அரங்கம் கட்டியவருக்கு இலாபம். சட்டை விற்றவருக்கு இலாபம். களத்தில் ஓடியவருக்கு மட்டும் உபகாரச் சம்பளம், தங்குமிடம், சாப்பாடு. தன் பெயரை வைத்து ஒரு விளம்பரத்தில் நடிக்கக்கூட அவருக்கு அனுமதி இல்லை.

2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்வி தொடர்பான சலுகைகளுக்கு என்.சி.ஏ.ஏ. விதித்திருந்த வரம்பு சட்டத்துக்குப் புறம்பானது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அடுத்த மாதமே, ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று கதவு திறந்தது. 2025 ஜூனில் இன்னொரு வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. அதன்படி, 2025-26 கல்வியாண்டில் ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா விளையாட்டாளர்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 20.5 மில்லியன் டாலர் வரை நேரடியாகப் பங்கு தரலாம்.

ஹன்டர் டிக்கின்சன் மிச்சிகனில் மூன்று பருவம் ஆடிய ஏழடி உயர நட்சத்திரம். 2023இல் கன்சாஸுக்கு மாறினார். மிச்சிகன் இரசிகர்கள் கொதித்தார்கள். ஒரு வலையொலி நிகழ்ச்சியில் அவர் கொடுத்த பதில் இன்றும் பேசப்படுகிறது. என்னைத் திட்டுகிறவர்களில் எத்தனை பேர் பத்தாயிரம் டாலர் கூடுதலாகக் கிடைத்தால் இப்போதே தங்கள் வேலையை விட்டுப் போகாமல் இருப்பார்கள் என்ற பொருளில் அவர் பேசினார். பேச்சு கொஞ்சம் காரமாக இருந்திருக்கலாம். ஆனால், கேள்வி நியாயமானது.

நாமே யோசித்துப் பார்ப்போம். நம் நண்பர் ஒரு கல்லூரியில் டிப்ளோமா முடித்து, பாட மதிப்பெண்களை மாற்றிக்கொண்டு வேறு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் சேர்கிறார். அங்கே உபகாரச் சம்பளம் கொஞ்சம் அதிகம். அவரை நாம் துரோகி என்போமா? ‘கெட்டிக்காரன், பிழைத்துக்கொண்டான்’ என்று தோளில் தட்டிக்கொடுப்போம். அவர் கையில் பந்து இருந்தால் மட்டும் அளவுகோல் மாறுவது ஏன்?

இன்னொரு முரணும் இருக்கிறது. தங்கள் ஆட்டக்காரர் வெளியேறினால் கொதிக்கும் அதே இரசிகர்கள், வேறு பல்கலைக்கழகத்து ஆட்டக்காரர் தங்களிடம் வந்தால் வெற்றிக் கூச்சல் போடுகிறார்கள். அவரைக் கொண்டுவர நிதி திரட்டும் குழுக்களுக்கு நன்கொடையும் கொடுக்கிறார்கள். 2025இல் கிண்ணத்தை வென்ற ஃபுளோரிடா அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹியூஸ்டனை 65-63 என்று வென்ற அந்த அணியின் மூன்று முக்கிய பின்கள ஆட்டக்காரர்களும் வந்தவர்கள்தாம். வால்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்து, அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்து. ஊர்வலத்தில் கையசைத்தவர்களில் எவரும் அவர்களைத் துரோகி என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

கிளேட்டன் ஏன் அயோனாவை விட்டார்? மேலே சொன்ன பிட்டினோ போய்விட்டதால். அவர் பிறந்து வளர்ந்த மாநிலமும் ஃபுளோரிடாதான். வீடு திரும்பிய பிள்ளையைக் குற்றம் சொல்ல யாருக்கு மனம் வரும்?

இரசிகர் இழப்பது என்ன?

இவ்வளவு சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 

2022இல் செயின்ட் பீட்டர்ஸ் என்ற பெயரை அமெரிக்கா முழுவதும் உச்சரித்தார்கள். நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் உள்ள சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அது. தங்கள் பகுதியில் 15ஆம் நிலையில் இருந்த அந்த அணி, கென்டக்கியைக் கூடுதல் நேரத்தில் 85-79 என்று வீழ்த்தியது. பிறகு மரே மாநிலப் பல்கலைக்கழகம், அதன் பிறகு பர்டூ. 15ஆம் நிலை அணி ஒன்று கடைசி எட்டுக்கு வந்தது அதுவே முதல் முறை. வட கரோலினாவிடம் தோற்றுத் திரும்பிய சில நாட்களில் பயிற்றுநர் ஷஹீன் ஹாலவே தான் படித்த சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மீசையால் புகழ்பெற்ற டக் எடெர்ட் பிரையன்ட்டுக்குப் போனார். கே.சி. என்டெஃபோ பயிற்றுநர் பின்னாலேயே போனார். முக்கிய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் திசைக்கு ஒருவராகப் பிரிந்தார்கள்.

அந்த ஊர்க்காரரின் இடத்தில் இருந்து பாருங்கள். வாழ்நாளில் ஒருமுறை வரும் மகிழ்ச்சி. அதை அடுத்த ஆண்டுவரை வைத்துக் கொண்டாடக்கூட முடியவில்லை. மாணவர் நான்கு ஆண்டில் போய்விடுவார்; பயிற்றுநர் நல்ல வேலை வந்தால் போய்விடுவார்; இரசிகர் மட்டும் தாத்தா காலம் முதல் அதே இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். ‘யாரும் எங்களோடு தங்குவதில்லை’ என்று அவர் சொல்வதில் பொய் இல்லை.

தங்கியவர்களால் கிடைக்கும் இன்பமும் தனிதான். ஃபேர்லி டிக்கின்சனிடம் தோற்று நாடே சிரித்த அந்தப் பர்டூ அணியில் ஸாக் ஈடி என்ற ஏழடி நான்கு அங்குல ஆட்டக்காரர் இருந்தார். கனடாவிலிருந்து வந்தவர். அவரை வாங்கக் காத்திருந்த பல்கலைக்கழகங்களுக்குப் பஞ்சமா? அவர் எங்கும் போகவில்லை. மறு ஆண்டு அதே தோழர்களோடு, வெளியிலிருந்து வந்த ஓரிருவரையும் சேர்த்துக்கொண்டு, இறுதியாட்டம் வரை போனார். அங்கே கனெக்டிகட்டிடம் 75-60 என்று தோற்றார்கள். ஆனாலும், பர்டூ இரசிகர்களுக்கு அந்த ஈராண்டும் ஒரே கதையின் இரண்டு பாகங்கள். முகங்கள் ஆண்டுதோறும் மாறினால் அப்படியொரு கதை உருவாகவே வழியில்லை.

ஆகவே, தங்குவதற்கு மதிப்பு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், தானாக விரும்பித் தங்கினால்தான் அது விசுவாசம். வேறு வழியில்லாமல் தங்கினால் அதற்குப் பெயர் கட்டாயம். பூட்டு இருந்த காலத்தில் தங்கியவர்களில் யார் அன்பால் தங்கினார், யார் ஓராண்டை இழக்கப் பயந்து தங்கினார் என்று இரசிகருக்கே தெரிந்திருக்காது. இன்று ஈடி போன்ற ஒருவர் தங்கினால் அதன் பொருள் எல்லாருக்கும் தெரியும். பூட்டு நீங்கியதால் விசுவாசத்தின் மதிப்பு கூடியிருக்கிறது என்றே சொல்வேன்.

செயின்ட் பீட்டர்ஸ் அழிந்துபோகவும் இல்லை. புதிய பயிற்றுநர், புதிய ஆட்டக்காரர்களோடு 2024இல் தன் லீக்கை வென்று மீண்டும் அந்தப் போட்டிக்குள் நுழைந்தது. அங்கே அது மோதிய டென்னசி அணியின் நட்சத்திரம் யார்? டால்டன் நெக்ட். பள்ளி முடித்தபோது முதல் பிரிவுப் பல்கலைக்கழகம் எதுவும் அவரை அழைக்கவில்லை. கொலராடோவில் ஓர் ஈராண்டுக் கல்லூரி, பிறகு வட கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஈராண்டு, அதன் பிறகு டென்னசியில் ஒரே ஆண்டு. அந்த ஓராண்டில் தன் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்று, என்.பி.ஏ. தேர்வில் 17ஆவதாக லேக்கர்ஸ் அணிக்குப் போனார். படிப்படியாக ஏறுவதற்கு ஏணி வேண்டும். மாறும் உரிமைதான் அவருக்கு அந்த ஏணி.

செய்தியில் வராத பெயர்கள்

உண்மையான கவலை வேறோர் இடத்தில் இருக்கிறது. இரசிகர்களின் சண்டையில் அது காணாமல் போகிறது.

போர்ட்டலில் பெயர் கொடுப்பவர் எல்லாரும் நெக்ட்டோ கிளேட்டனோ ஆகிவிடுவதில்லை. ஒருவர் பெயர் கொடுத்துவிட்டால், அந்தத் தவணைக்குப் பிறகு அவருடைய உபகாரச் சம்பளத்தைப் பழைய பல்கலைக்கழகம் நிறுத்தலாம். புதிய பல்கலைக்கழகம் அழைக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. இருக்கும் இடங்களைவிடத் தேடுவோர் அதிகம் என்றால் கடைசியில் நாற்காலி கிடைக்காதவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். சிலர் சிறிய பிரிவுக்கு இறங்குகிறார்கள். சிலருக்கு அதுவும் இல்லை. அவர்களுடைய சட்டையை எரிக்கக்கூட ஆள் இருக்காது. ‘நீ பெரிய ஆள், போனால் பத்துப் பேர் அழைப்பார்கள்’ என்று காதில் ஓதிய முகவர் அப்போது தொலைபேசியை எடுக்கமாட்டார்.

அடுத்தது படிப்பு. விளையாடும் மாணவர் இரண்டாம் ஆண்டு முடிவில் தன் பட்டப்படிப்பில் 40 விழுக்காட்டையும், மூன்றாம் ஆண்டு முடிவில் 60 விழுக்காட்டையும், நான்காம் ஆண்டு முடிவில் 80 விழுக்காட்டையும் முடித்திருக்க வேண்டும் என்பது முதல் பிரிவின் விதி. இடம் மாறும்போது எல்லாப் பாடங்களையும் புதிய பல்கலைக்கழகம் அப்படியே ஏற்றுக்கொள்ளாது. பொறியியல் படித்தவர் பாடங்கள் பொருந்தாமல், எளிதில் கணக்குச் சரியாகும் துறைக்கு ஒதுங்க நேரிடும். பாடங்களை மாற்றிக்கொண்டு பல்கலைக்கழகம் மாறிய எவரையும் கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே தேறிய பாடத்தை மறுபடி படிக்கச் சொன்ன கதை அவரிடமும் இருக்கும். நான்கு ஆண்டில் மூன்று முறை மாறுபவருக்கு அந்தத் தலைவலி மூன்று மடங்கு.

ஆயிரக்கணக்கானவர்களில் மிகச் சிலரே என்.பி.ஏ.வுக்கும் டபிள்யு.என்.பி.ஏ.வுக்கும் போகிறார்கள். மற்றவர்களுக்கு முப்பது வயதில் சோறு போடப்போவது அந்தப் பட்டம்தான். இரசிகர் உண்மையிலேயே ஆட்டக்காரரின் நலனில் அக்கறை கொண்டவர் என்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘ஏன் எங்களை விட்டுப் போகிறாய்?’ என்பதல்ல; ‘போகும் இடத்தில் உன் படிப்பு முடியுமா?’ என்பது.

பள்ளி முடித்து வரும் பிள்ளைகளையும் மறக்கக் கூடாது. இருபத்திரண்டு வயதில் அனுபவம் முற்றிய ஒருவர் போர்ட்டலில் கிடைக்கும்போது, பதினெட்டு வயது மாணவரை ஈராண்டு பொறுமையாக வளர்க்கப் பயிற்றுநருக்கு என்ன அவசரம்? தோற்றால் அவர் வேலைக்கே ஆபத்து. ஒருவருக்கு ஏணியாக இருக்கும் அதே வசதி, இன்னொருவருக்கு வாசலை அடைக்கிறது.

என்ன செய்யலாம்?

பழைய பூட்டை மீண்டும் போடுவது தீர்வாகாது. நீதிமன்றங்களும் அதை ஏற்கப்போவதில்லை. நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. ஆட்டக்காரர் தங்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் விரும்பினால், அவரோடு ஈராண்டு, மூவாண்டு ஒப்பந்தம் போடட்டும். இத்தனை ஆண்டு இருப்பேன் என்று அவர் கையெழுத்திடட்டும். இத்தனை ஆண்டு உன்னைக் கைவிட மாட்டோம் என்று பல்கலைக்கழகமும் கையெழுத்திடட்டும். காயம் பட்டாலும் பயிற்றுநர் மாறினாலும் உபகாரச் சம்பளம் தொடரும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். இரு பக்கமும் கட்டுப்பட்ட வாக்குறுதியை மீறினால், அப்போது குறை சொல்வதில் அர்த்தம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் கட்டுப்பட்டதற்கு ‘விசுவாசம்’ என்று அழகான பெயர் வைத்தது போதும்.

இரண்டாவதாக, யாருக்காக ஆடினாரோ அந்தப் பல்கலைக்கழகங்கள் அவருடைய பட்டத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். மாணவர் போர்ட்டலில் பெயர் கொடுக்கும் முன், அவருடைய பாடங்களில் எத்தனை ஏற்கப்படும் என்பதை எழுத்தில் காட்டும் நடைமுறை வரலாம். ஆட்டக்காலம் முடிந்த பிறகு படிப்பு மிச்சமிருந்தால், கடைசியாக ஆடிய இடமே கட்டணம் கட்டி முடித்துக் கொடுக்கலாம். மில்லியன் கணக்கில் புரளும் இடத்தில் இது பெரிய செலவா?

மூன்றாவது, நம்மைப் போன்ற இரசிகர்கள் செய்யக்கூடியது. நாம் பன்னிரண்டு மணி நேர வித்தியாசத்தில் இருந்தாலும் நம் விரலும் அதே சமூக ஊடகத்தில்தான் தட்டுகிறது. ஓர் ஆட்டக்காரர் போவதாக அறிவித்தால் வருத்தப்படலாம். அடுத்த பருவம் எதிரணியில் வந்தால் களத்தில் தோற்கட்டும் என்று கூச்சல் போடலாம். விளையாட்டின் சுவையே அதுதான். ஆனால், அவருடைய தனிச் செய்திப் பெட்டிக்குள் போய்த் தாயைத் திட்டுவதும், சாகச் சொல்வதும் இரசிகர் செயல் ஆகாது. சூதாட்டத்தில் பணம் விட்டவர் அந்தக் கோபத்தை ஒரு மாணவர்மீது கொட்டும்போது அதற்கு ‘லைக்’ போடாமல் இருப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். நல்ல பாடம்தான். ஆனால், இங்கே உப்பிட்டவர் யார்? நாற்பது நிமிட ஆட்டத்தில் வியர்வை சிந்தி அரங்கத்தை நிறைத்தவர் அந்த மாணவர். அவர் உழைப்பில் பல்கலைக்கழகம் பெயர் பெற்றது, தொலைக்காட்சி பணம் பெற்றது, இரசிகர் மகிழ்ச்சி பெற்றார். நன்றி சொல்ல வேண்டியவர் ஒருவர் மட்டும் என்று கணக்கு முடிப்பது எப்படிச் சரியாகும்?

அடுத்த மார்ச்சும் வரும். புதிய அணியில் பழைய முகங்களைப் பார்ப்போம். உங்கள் அபிமான ஆட்டக்காரர் எதிரணிச் சட்டையில் ஓடி வந்தால், திட்டுவதற்கு முன் அவர் உங்களுக்குத் தந்த ஆட்டங்களை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். பிறகு உங்கள் அணிக்காகக் குரல் கொடுங்கள். அவர் பட்டம் பெற்றார் என்ற செய்தி வந்தால் அதற்கும் ஒரு கைத்தட்டல் கொடுங்கள்.